வெயில், நுளம்பு, சோல்டரிங் மேசை: மலைநாட்டில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தகரக்கூரை (பதுளை)

வணக்கம். பழுதான ரேடியோ, எல்இடி பல்ப், ஆம்ப்ளிஃபையர் என்று கையில் கிடைப்பதைக் கழற்றிப் பூட்டுவது என் பொழுதுபோக்கு. மேசை இருப்பது வீட்டின் பின் காம்பராவில். மேலே தகரம், சீலிங் கிடையாது.

மலைநாடு என்றதும் கொழும்பு நண்பர்கள் ஸ்வெட்டரைத் தேடுகிறார்கள். பதுளை 680 மீட்டர் உயரம்தான், அதுவும் சுற்றிலும் மலை அடைத்த பள்ளம். மார்ச், ஏப்ரலில் மத்தியானம் இந்தத் தகரத்துக்குக் கீழே வந்து உட்கார்ந்தால் ஸ்வெட்டர் பேச்சே வராது.

என் சிக்கல் இதுதான். ஃபேனைப் போட்டால் 25 வாட் சோல்டரிங் அயனுக்கு ஈயத்தை உருக்கவே மூச்சு வாங்குகிறது. வைத்த இடமெல்லாம் மங்கலாக, உருண்டையாக நிற்கிறது. ஃபேனை நிறுத்தினால் நெற்றி வியர்வை நேராகப் போர்டில் சொட்டுகிறது. ஜன்னலைத் திறந்தால் நுளம்பு, மூடினால் புகை. நுளம்பும் சொல்லிவைத்தாற்போலக் கணுக்காலைத்தான் பிடிக்கிறது. ஒரு கையில் அயன், மறு கையில் ஈயம், அடிக்கவும் வழியில்லை.

மாலை ஆறு மணிக்கு மேல்தான் எனக்கு நேரம் கிடைக்கும், ஞாயிறு என்றால் பகலிலும். உங்கள் ஏற்பாடு என்ன?


நுவரெலியா_மூடுபனி

தம்பி, இங்கே 1868 மீட்டரில் அயனைக் கையில் பிடித்திருப்பதே ஒரு சுகம். ஏப்ரல் சீசனுக்கு ஏறி வாருங்கள், மேசை தருகிறேன். அறை வாடகையை மட்டும் அந்த நேரத்தில் என்னிடம் கேட்காதீர்கள்.


டிக்கோயா_ரேடியோ

மூடுபனி சும்மா இருக்கட்டும். தம்பிக்குப் பதில் சொல்லுவோம்.

ஃபேனை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் முகத்துக்கு நேரே, மேசை மட்டத்தில் வைப்பார்கள். அந்தக் காற்று அயன் முனையையும் போர்டையும் சேர்த்துக் குளிர வைத்துவிடும். 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) 183 பாகையில் இளக ஆரம்பித்து 190 பாகையில்தான் முழுதாக உருகும். 25 வாட் அயன் அந்தச் சூட்டைத் தாங்கிப் பிடிக்கவே பாடுபடுகிறது. எதிர்க்காற்று வேறு அடித்தால் அது என்ன செய்யும்? காரீயம் இல்லாத புது வகைக் கம்பி என்றால் 217 பாகைக்கு மேல் வேண்டும், இன்னும் மோசம்.

ஸ்டாண்ட் ஃபேனின் கழுத்தை முழுக்க இறக்கி மேசைக்குக் கீழே விடுங்கள். காற்று காலுக்கும் தொடைக்கும் போகட்டும். மேசைப் பலகையே தடுப்பாக நிற்பதால் மேலே அயனுக்கு ஒன்றும் ஆகாது. நுளம்பு காற்றை எதிர்த்துப் பறக்கத் தெம்பில்லாத பூச்சி. அதைவிட முக்கியம், அது உங்களைக் கண்டுபிடிப்பது நீங்கள் விடுகிற மூச்சின் கரியமில வாயுவையும் தோலின் வாடையையும் பிடித்துக்கொண்டு வந்துதான். ஓடுகிற காற்று அந்தத் தடத்தைக் கலைத்துவிடும். காலில் காற்றுப் பட்டால் உடம்பு முழுக்கக் கொஞ்சம் ஆறும்.

புகைக்கு இது போதாது. பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய 12 வோல்ட் ஃபேன் ஒன்றை போர்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் தள்ளி, காற்றை உங்களிடமிருந்து இழுக்கும் திசையில் வையுங்கள். ஊதக் கூடாது, இழுக்க வேண்டும். இரண்டு மூன்று வாட்தான் தின்னும், பழைய ரவுட்டர் அடாப்டர் போதும். அந்தப் புகை ஈயப் புகை அல்ல. நாம் அயன் வைக்கிற சூட்டில் ஈயம் ஆவியாகாது. அது கம்பிக்குள் இருக்கிற ரோசின் என்ற பிசினின் புகை. வருடக் கணக்கில் மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரலாம். ஈயம் உள்ளே போகிற வழி வேறு, அது கை. வியர்வையைப் புறங்கையால் துடைப்பது, அதே கையால் சாயத்தண்ணிக் கோப்பையை எடுப்பது. கழுத்தில் ஒரு துவாய் போட்டுக்கொள்ளுங்கள். தேத்தண்ணிக்கு முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.


கண்டி555

இவ்வளவு பாடு எதற்கு அண்ணே? ஒரு 555 டைமர் ஐசி, ஒரு பீசோ (ஒலி எழுப்பும் சின்னத் தகடு), இரண்டு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர். 20 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் ஒலி விட்டால் நுளம்பு கிட்டவே வராது. சர்க்யூட் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. தகரக்கூரை தம்பிக்கு அது ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமை வேலை.


மாத்தளை_மீட்டர்

555 சர்க்யூட் கட்டிப் பழக நல்லதுதான், கட்டட்டும். நுளம்பு போகும் என்று மட்டும் ஆசை காட்டாதீர்கள். இந்த ஒலிக் கருவிகளை வெளியில், உண்மையான நுளம்புகள் நடுவே சோதித்த 10 கள ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கொக்ரேன் குழு 2007இல் ஒன்றாக வைத்துப் பார்த்தது. கடி குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. பத்தில் ஒன்றில் கூட.

அடுத்து யாராவது நீல வெளிச்சப் பூச்சிப் பொறியைச் சொல்லப் போகிறீர்கள், அதனால் அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் டெலவெயார் பல்கலைக்கழகத்தில் 1996இல் அப்படிப்பட்ட பொறிகளில் செத்த பூச்சிகளை எண்ணினார்கள். 13,789 பூச்சி. அவற்றில் கடிக்கிற பூச்சி 31தான். மற்றதெல்லாம் பாவப்பட்ட, கடிக்காத பூச்சிகள்.


கண்டி555

அக்கா, நான் கட்டினது வேலை செய்தது போல இருந்ததே?


மாத்தளை_மீட்டர்

அன்றைக்குக் காற்று இருந்திருக்கும். பீசோவை நிறுத்திவிட்டு அடுத்த நாள் அதே நேரம் அதே இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். அதுவும் ஒரு சோதனைதான், மல்டிமீட்டர் இல்லாத சோதனை.


நோர்வூட்_பீலி

நீங்களெல்லாம் ஏன் இப்படிச் சுற்றுகிறீர்கள் என்று புரியவில்லை. ஒரு நுளம்புச் சுருளை மேசைக்குக் கீழே கொளுத்தி வைத்தால் முடிந்தது. எங்கள் லயத்தில் அதுதான், இல்லாவிட்டால் நெருப்புச் சட்டியில் வேப்பிலை. தலைமுறை தலைமுறையாக யாரும் சாகவில்லை.


மாத்தளை_மீட்டர்

சுருள் வேலை செய்யும், இல்லை என்று சொல்லவில்லை. அதில் பைரித்ராய்டு மருந்து இருக்கிறது, நுளம்பு விழும். திறந்த இஸ்தோப்பில் கொளுத்தினால் நானும் பேசமாட்டேன். ஆனால் தம்பி இருப்பது மூடிய காம்பரா. ஒரு சுருள் எரிந்து முடியும்போது வருகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை பிடித்ததற்குச் சமம் என்று 2003இல் வந்த ஓர் ஆய்வு அளந்து சொல்லியிருக்கிறது. அதோடு ரோசின் புகையும். ஒரே மூக்கு இரண்டையும் வாங்க வேண்டும்.

வேப்பிலைப் புகையும் புகைதான் நோர்வூட் அண்ணே. இலை நல்லது என்பதற்காகப் புகை நல்லதாகிவிடாது.


நோர்வூட்_பீலி

சரி சரி, இஸ்தோப்புக்கு மாற்றுகிறேன். சண்டை வேண்டாம்.


பண்டாரவளை_பெட்டி

உடம்பில் பூசுகிற மருந்து பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. நான் டீட் உள்ள லோஷன் பூசுகிறேன். நல்லாக வேலை செய்கிறது. ஆனால் கவனம்: டீட் ஒரு கரைப்பான். சில பிளாஸ்டிக்குகளைத் தின்னும். மூக்குக்கண்ணாடிச் சட்டம், கைக்கடிகாரத்தின் பிளாஸ்டிக் முகம், வர்ணம் பூசின பெட்டி எல்லாம் அதற்கு இரை. பழைய ரேடியோவின் டயல் கண்ணாடி பெரும்பாலும் பிளாஸ்டிக். டீட் பட்ட விரலால் தொட்டால் மங்கின கைரேகை அங்கேயே தங்கிவிடும். அதனால் காலுக்கு மட்டும் பூசிவிட்டு கையைக் கழுவிக்கொண்டுதான் மேசைக்கு வருவேன். ஐகாரிடின் என்று இன்னொன்று உண்டு, அது பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது, கிடைத்தால் அதை வாங்குங்கள்.

சிட்ரொனெல்லா எண்ணெய் வாசனைக்குச் சரி. சீக்கிரம் பறந்துவிடும், அடிக்கடி பூச வேண்டும்.

எதைப் பூசினாலும் ஸ்ப்ரே வகையை மேசைக்குப் பக்கத்தில் அடிக்காதீர்கள். டின்னைத் தள்ளும் வாயு தீப்பிடிக்கக்கூடியது, அயனோ 300 பாகைக்கு மேல் சூடாக நிற்கிறது.


தகரக்கூரை

நுளம்பு பேட் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? வீட்டில் வேலை செய்யாத ஒன்று கிடக்கிறது. திறந்து பார்க்கலாமா?


பண்டாரவளை_பெட்டி

திறக்கலாம், ஆனால் சாதுவான பொருள் என்று நினைக்காதீர்கள். உள்ளே ஒரு டிரான்சிஸ்டர் ஆசிலேட்டர், சின்ன டிரான்ஸ்ஃபார்மர், டயோடும் கெப்பாசிட்டரும் சேர்ந்த வோல்டேஜ் பெருக்கி. வலையில் வருவது 1000 வோல்ட்டுக்கு மேல். பட்டனை விட்ட பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். முதலில் ஒரு பெரிய மதிப்பு ரெசிஸ்டரைக் கடத்தாத பிடியில் கட்டி, வலையின் இரண்டு பக்கத்தையும் இணைத்து இறக்கிவிடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நேரே ஷார்ட் பண்ணினால் சத்தமும் பொறியும் வரும், கை தூக்கிப்போடும்.

அதைவிட ஆபத்தானது சார்ஜ் பகுதி. மலிவான பேட்களில் டிரான்ஸ்ஃபார்மரே இருக்காது, ஒரு கெப்பாசிட்டரை வைத்தே 230 வோல்ட்டைக் குறைத்திருப்பார்கள். பிளக் செருகி இருக்கும்போது உள்ளே எந்த இடமும் உயிரோடுதான் இருக்கும், பேட்டரி முனை உட்பட. செருகியபடி அளந்து பார்க்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பெரும்பாலும் போயிருப்பது 4 வோல்ட் ஈய பேட்டரிதான், வெயிலில் காய்ந்து வீங்கியிருக்கும். அதை மாற்றினால் பேட் எழுந்துவிடும்.

இன்னொன்று. ஐசோப்ரொபைல் அல்கஹாலால் போர்டைத் துடைத்துக்கொண்டே பேட்டை வீசாதீர்கள். பொறியும் அல்கஹால் ஆவியும் சேரக்கூடாது.


மாத்தளை_மீட்டர்

வியர்வை போர்டில் சொட்டுவதைப் பற்றித் தம்பி சொன்னார். போர்டுக்கு வருவது உப்புத் தண்ணீர், கசிவு, பச்சை பிடித்தல். அது துடைத்தால் போகிற விஷயம். எனக்குக் கவலை மனுசன் மேல்தான். காய்ந்த தோல் கரண்டுக்கு நல்ல தடை தரும். நனைந்த தோலில் அந்தத் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அதே 230 வோல்ட், ஆனால் உடம்பில் ஓடும் கரண்ட் பல மடங்கு. எல்இடி பல்புகளில் பலவற்றின் டிரைவர் மெயின்ஸோடு நேரடியாகக் கட்டப்பட்டிருக்கும், பிரிப்பு கிடையாது. வேர்த்த கையோடு மூடியைக் கழற்றி எரியவிட்டுப் பார்ப்பது ஏப்ரல் மாதத்துக்கான வேலை அல்ல.

ட்ரிப் சுவிட்ச் 30 மில்லிஅம்பியரில் விழும், அது இருக்கட்டும். ஆனால் லைனையும் நியூட்ரலையும் ஒரே நேரத்தில் இரண்டு கையால் தொட்டால் ட்ரிப்புக்கு நீங்கள் ஒரு பல்ப், விழாது. சோதிக்கிற போர்டுக்குப் போகும் லைனில் சீரிஸாக ஒரு பல்ப் கட்டுவது ஷார்ட்டான போர்டைக் காப்பாற்றும், உங்களை அல்ல.


டிக்கோயா_ரேடியோ

மீட்டர் சொன்னதோடு நானும் ஒன்று சேர்க்கிறேன். தகரத்துக்குக் கீழே எல்இடி பல்ப் சீக்கிரம் போவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தச் சின்ன எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். 10 பாகை சூடு கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பழைய கணக்கு. மாற்றும்போது 85 பாகை என்று எழுதியிருப்பதை விட்டு 105 பாகையை வாங்குங்கள். விலை வித்தியாசம் கொஞ்சம்தான்.

இனி கூரை. தம்பி, அயனின் 25 வாட் காம்பராவைச் சூடாக்கவில்லை. நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலே உடம்பு 100 வாட் அளவுக்குச் சூட்டை விடுகிறது. உண்மையான அடுப்பு மேலே இருக்கிற தகரம். சீலிங் அடிக்க வசதி இல்லையென்றால் வெள்ளி நிற ஃபாயில் ஷீட்டைத் தகரத்துக்குக் கீழே, இடையில் கொஞ்சம் காற்று இடம் விட்டு இழுத்துக் கட்டுங்கள். தகரத்தோடு ஒட்டிவிட்டால் பயன் போய்விடும். கூரைக்கு வெளியே வெள்ளை அடிப்பது அதைவிட மலிவு, மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும்.

பகலில் அயன் வேலை வேண்டாம். வெயில் ஏறும் முன் காலையில் செய்யுங்கள். மத்தியானம் வயர் உரிப்பது, ஸ்க்ரூ கழற்றுவது, பாகம் பிரித்து அடுக்குவது.


பசறை_அன்டெனா

காலையில் செய்யச் சொல்வது சரி, ஆனால் டெங்கு நுளம்பு கடிக்கிற நேரம் அதுதானே? விடிந்த பிறகும், பொழுது சாயும் முன்பும்தான் ஏடிஸ் கூடுதலாகக் கடிக்கும். இருட்டினால்தான் நுளம்பு என்ற நினைப்பில் பகலில் காலைத் திறந்து போட்டு உட்காருகிறோம். 2017இல் நாட்டில் 186,000க்கு மேல் டெங்கு நோயாளிகள். கண்டிப் பக்கம் யாரைக் கேட்டாலும் கதை சொல்வார்கள். மலேரியா போய்விட்டது, 2016 செப்டெம்பரில் உலகச் சுகாதார நிறுவனமே சான்று தந்தது. அதனால் ராத்திரிக் கடியைவிடப் பகல் கடிதான் இப்போது பயம்.

காலுக்கு வெளிர் நிறப் பருத்திக் கால்சட்டை, சாக்ஸ். கறுப்பும் சிவப்பும் ஏடிஸைக் கூப்பிடும். பாலியெஸ்டர் வேண்டாம், உருகின ஈயத் துளி விழுந்தால் துணியும் சேர்ந்து தோலில் ஒட்டும். சாரம் கட்டிக்கொண்டு வேலை செய்பவர்களுக்கு என் அனுதாபங்கள்.


மாத்தளை_மீட்டர்

பசறை அண்ணன் எடுத்துக் கொடுத்ததால் கேட்கிறேன். தகரக்கூரை தம்பி, உங்கள் காம்பராவுக்குப் பின்னால் என்ன கிடக்கிறது? எனக்குத் தெரியும், எங்கள் எல்லார் வீட்டுப் பின்னாலும் கிடப்பதுதான். திறந்த டிவிப் பெட்டி, யூபிஎஸ் கூடு, பேட்டரி மூடி, பிளாஸ்டிக் டப்பா. ஏப்ரல் மழை நாலு சொட்டு விழுந்தால் அத்தனையும் ஏடிஸ் தொட்டில். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக் கணக்கில் காய்ந்து காத்திருக்கும், அடுத்த மழைக்குப் பொரிக்கும். அதனால் தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது, உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

ஃபேன், லோஷன், பேட் எல்லாம் வந்த நுளம்புக்கு. பாதிப் பேர் வீட்டில் நுளம்பை வளர்ப்பதே இந்தப் பழைய இரும்புக் குவியல்தான். சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் வழக்கும் போடலாம், 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது.


தகரக்கூரை

போய்ப் பார்த்தேன் அக்கா. இரண்டு டிவிப் பெட்டி, ஒரு வாளி. வாளியில் நெளிந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஃபிரிட்ஜ் பின்னால் தண்ணீர் சேரும் தட்டையும் இழுத்துப் பார்த்தேன், அதிலும் கொஞ்சம்.

ஃபேனை மேசைக்குக் கீழே இறக்கியது நல்ல மாற்றம், ஈயம் பளபளப்பாகப் பிடிக்கிறது. கணுக்காலில் கடி குறைந்திருக்கிறது, கைமுட்டியில் இன்னும் உண்டு. இப்போது புதுத் தொல்லை: நேற்றுப் பின்னேரம் மழை பெய்தது, ராத்திரி ஈசல். விளக்கைச் சுற்றி வந்து போர்டில், பேஸ்ட் டப்பாவில் எல்லாம் விழுந்து கிடக்கிறது.


டிக்கோயா_ரேடியோ

ஈசலுக்கு ஒன்றும் பூசத் தேவையில்லை. அது வெளிச்சத்துக்கு வருகிறது, கடிக்க அல்ல. மேசை விளக்கை அணைத்துவிட்டு வெளியே முற்றத்தில் ஒரு வெள்ளை பல்பைப் போட்டு, கீழே அகன்ற சட்டியில் தண்ணீர் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் கூட்டம் அங்கே போய்விடும். காலையில் சட்டியைக் கவிழ்க்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் மீட்டர் அக்கா வந்துவிடுவார்.

மேசைக்கு எப்போதும் மஞ்சள் சாய்ந்த எல்இடி போடுங்கள், 2700 அல்லது 3000 கெல்வின் என்று பெட்டியில் இருக்கும். நீல வெள்ளைதான் பூச்சியை அதிகம் இழுக்கும். ரெசிஸ்டர் நிறப் பட்டையைப் படிக்க மஞ்சள் வெளிச்சம் கொஞ்சம் சிரமம்தான், அதற்கு மீட்டர் இருக்கிறது. நான் உபகரணத்தைச் சொன்னேன்.


நோர்வூட்_பீலி

மேசையையே நுளம்பு வலைக்குள் வைத்தால் என்ன? கட்டில் வலை ஒன்று சும்மா கிடக்கிறது.


பண்டாரவளை_பெட்டி

வலை பாலியெஸ்டர் அல்லது நைலான். அயன் முனை பட்டால் ஓட்டை, தொங்கும் ஓரம் பட்டால் தீ. உள்ளே காற்றும் ஓடாது. அந்த வலையை வெட்டி ஜன்னல் சட்டத்தில் அடியுங்கள், அப்போது ஜன்னலைத் திறந்து வைத்தே வேலை செய்யலாம். கதவுக்குக் கீழே இருக்கிற இடுக்கை மறந்துவிடாதீர்கள்.


பசறை_அன்டெனா

பூச்சி என்றால் நுளம்போடு முடியவில்லை. அன்டெனா மாட்ட ஏறுகிறவர்கள் முதலில் கம்பத்தையும் கூரை ஓரத்தையும் கீழிருந்தே நன்றாகப் பாருங்கள். தேயிலை மலையில் குளவி கொட்டி ஆட்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஏணியில் நிற்கும்போது வந்தால் கொட்டைவிட விழுவதுதான் பெரிது. கூடு இருந்தால் அன்றைக்கு அன்டெனா வேண்டாம்.

மண்குளவி வேறு வகை. அது கொட்டுவது குறைவு, ஆனால் வெளியே வைத்த பெட்டியின் காற்றுத் துளை, பாவிக்காத பிளக் ஓட்டை எல்லாவற்றையும் மண்ணால் அடைத்துவிடும். துளைக்குச் சன்னமான கம்பி வலை ஒட்டுங்கள். எறும்பு ரிலேக்குள்ளும் சுவிட்சுக்குள்ளும் போய் முனைகளுக்கு நடுவே நசுங்கிக் கிடக்கும். தண்ணீர் மோட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை என்று கொண்டுவந்தால் நான் முதலில் தேடுவது எறும்பைத்தான்.


டிக்கோயா_ரேடியோ

எங்கள் பக்கம் மே மாதம் தென்மேல் மழை தொடங்கினால் வெயில் கவலை போய் அட்டைக் கவலை வரும். கான் ஓரமாக எர்த் கம்பி அடிக்கப் போனால் காலில் உப்புச் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டுதான் போக வேண்டும். பதுளைக்கு அப்போது நேர் எதிர். மழையெல்லாம் இங்கே கொட்டிவிட்டு ஜூன், ஜூலையில் உங்கள் பக்கம் காய்ந்த கச்சான் காற்றுதான் இறங்கும். வியர்வை நிற்கும், ஆனால் ஸ்டாட்டிக் வரும். ஸ்டாட்டிக் பட்டால் செத்துப்போகும் மொஸ்ஃபெட் டிரான்சிஸ்டரை எடுக்கும்போது நைலான் சட்டையைக் கழற்றி வையுங்கள், எர்த் செய்த உலோகத்தைத் தொட்டுவிட்டு எடுங்கள்.


தகரக்கூரை

குறித்துக்கொண்டேன் ஐயா. புகை இழுக்கிற ஃபேனுக்கு, புகையை வடிகட்டும் கார்பன் பஞ்சு எங்கே வாங்கலாம்? பதுளையில் கேட்டால் முழிக்கிறார்கள்.


கண்டி555

மீன் தொட்டிக் கடையில் கேளுங்கள். வடிகட்டிக்கு வைக்கிற கறுப்புக் கார்பன் பஞ்சு இருக்கும், அதை வெட்டி ஃபேன் முன்னால் வைத்தால் சரி. ஃபேன் எடுக்கக் கொழும்புக்குப் போகிற ஆள் இருந்தால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு. 120 மில்லிமீட்டர் என்று கேட்கச் சொல்லுங்கள், 80 எடுத்தால் இழுவை போதாது.

அக்கா, பீசோவை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். அதே கடிதான்.


மாத்தளை_மீட்டர்

நல்லது. அந்த 555ஐக் கழற்றித் தம்பியின் ஃபேனுக்கு வேகக் கட்டுப்பாடு செய்து கொடுங்கள். பஞ்சு வைத்தால் காற்று குறையும், எவ்வளவு வேகம் போதும் என்று பார்க்க உதவும். தம்பி, வானம் இருண்டு இடி கேட்டால் அயனையும் ரவுட்டரையும் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். ஏப்ரலில் இடி பெரும்பாலும் பின்னேரம்தான் வரும், நீங்கள் மேசைக்கு வருவதும் ஏறக்குறைய அந்த நேரம்தான்.